நடந்தது ஒன்றுதான்

கொமைல் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த வீட்டில் மூன்று பேரிடமும் மூன்று சாவுகள் இருந்தன.

வஜீஹேயிடம் இருந்தது விபத்து. பதினாறு வயதுப் பையன், சிநேகிதனிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிள், அந்தி நேரம், காஷான் போகும் பழைய சாலை, எதிரே ஒரு லாரி. அவ்வளவுதான்.

அவள் கணவர் ஜலீலிடம் இருந்தது கொலை. செய்தவர் அவரே. "மதரஸாவுக்குப் போக மாட்டேன், பாபா. தொழுகையில நிக்கறப்ப எனக்கு ஒண்ணுமே தோணல" என்று மகன் சொன்ன அன்று, "அப்படின்னா இந்த வாசல் உனக்கு இல்ல" என்று சொன்னது அவர் வாய்தான். கும் நகரத்து மதரஸாவில் இருபது வருடமாகத் தத்துவம் சொல்லித் தரும் வாய் அது.

மகள் ரெய்ஹானேயிடம் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அடக்கம் முடிந்து திரும்பிய நாளிலிருந்து அவள் தகப்பனிடம் பேசுவதில்லை. தரையில் விரிக்கும் சாப்பாட்டுத் துணியின் ஒரு மூலையில் அவர், மறு மூலையில் அவள். உப்பு வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்பாள்.

மூன்று பேரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பையன் தடுமாறி லாரியில் மோதினானா, இல்லை, வண்டியை அவனே லாரிக்கு நேரே திருப்பினானா?

அந்தக் கேள்வி செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் வந்தது.

ஜலீல் உள்ளே தலைப்பாகை சுற்றிக்கொண்டிருந்தார். வஜீஹே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் எடுத்தாள்.

"கொமைலோட அம்மாங்களா?" கனத்த குரல். துருக்கி வாடையடிக்கும் பாரசீகம். "நான் எய்வாஸ். லாரிக்காரன்."

வஜீஹே உள்ளறைப் பக்கம் பார்த்துக்கொண்டாள். வழக்கு நடந்தபோது அவனைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். தப்பு அவன் மேல் இல்லை என்று தீர்ப்பாகியிருந்தது.

"தர்கா ஜியாரத்துக்கு வந்திருக்கேன், கானும் அம்மா. ராத்திரி பஸ்ல ஊருக்குத் திரும்பறேன். அதுக்குள்ள..." மூச்சு வாங்கினான். "நான் ஒண்ணும் பாக்கலன்னு போலீசுகிட்ட எழுதிக் கொடுத்தேன். பாத்தேன். புள்ள முகத்தையே பாத்தேன். கண்ணை மூடினா அதுதான் வருது. நீங்க கேட்டா சொல்லிடறேன். வேண்டாம்னா அப்படியே போயிடறேன். மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சதும் தர்காவுல பெரிய முற்றத்துல, தண்ணித் தொட்டிகிட்ட இருப்பேன்."

வைத்துவிட்டான்.

"யாரு?" ஜலீல் அங்கியைத் தோளில் போட்டபடி வந்தார்.

"தப்பான நம்பர்" என்றாள் வஜீஹே.

அவர் மேலே கேட்கவில்லை. இருவருக்கும் அன்று வேறொரு கவலை இருந்தது. பத்து மணிக்கு விசாரணை.

விசாரணை வஜீஹேயைப் பற்றியது.

அவள் குடும்ப ஆலோசகர். விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகிறவர்களை முதலில் அவளிடம்தான் அனுப்புவார்கள். தெஹ்ரானில் அவள் கற்றுவந்தது புதுமுறை. வருகிறவர்களுக்கு நோய்ப் பெயர் வைக்க மாட்டாள். 'நீ சந்தேகக்காரன்' என்று புருஷனைச் சொல்ல மாட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சந்தேகம்னு ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரே, அவரு எப்ப வந்தாரு? யாரு அவருக்குச் சோறு போடறா?" என்று கேட்பாள். முதலில் சிரிப்பார்கள். பிறகு பேசத் தொடங்குவார்கள். உன் வாழ்க்கையை மற்றவர்கள் சொன்ன மாதிரியே நீயும் சொல்ல வேண்டியதில்லை, உன் கதையை நீயே சொல்லிப் பார் என்பது அவள் முறையின் சாரம்.

அப்படிச் சொல்லிப் பார்த்த ஒருத்தி வீட்டுக்குத் திரும்பவில்லை. அவளை அடித்துவந்த புருஷன் புகார் எழுதிப் போட்டுவிட்டான். 'உண்மை என்று ஒன்று இல்லை என்று சொல்லி என் மனைவியைக் கெடுத்துவிட்டார்கள்.'

வஜீஹே வேலை பார்க்கும் ஆலோசனை மையத்தை மேற்பார்க்கும் குழு, இது மார்க்கத்துக்கு ஒத்த முறைதானா என்று சொல்ல ஒரு தத்துவ அறிஞரைத் தேடியது. கும்மில் அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கேட்டது ஜலீலை. சொந்த மனைவிக்காக வளைந்து கொடுக்கிறாரா பார்க்கலாம் என்றுதான் கேட்டார்கள் என்பது வஜீஹேயின் எண்ணம்.

"வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்களேன்" என்று போன வாரமே கேட்டுப் பார்த்தாள்.

"வேற யாராவதுன்னா படிக்காமலே பேசுவாங்க" என்றார் ஜலீல். அவளுடைய புத்தகங்களை ஒன்றுவிடாமல் வாங்கிப் படித்தார். மகன் இறந்தபின் அவர் எதையும் அவ்வளவு ஊன்றிப் படித்து அவள் பார்த்ததில்லை.

விசாரணை அறையில் நீண்ட மேசை. கோப்பைகளில் தேநீர். குழுத் தலைவர் சாதெகியான் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். "ஹாஜ் ஆகா, சுருக்கமாச் சொல்லிடுங்க. ஒத்துக்கலாமா, கூடாதா?"

"சுருக்கமாச் சொல்ற விஷயம் இல்ல" என்றார் ஜலீல். "இதுல பாதி நம்மளோடதுதான். தீமைக்குன்னு தனியா ஓர் இருப்பு இல்லைன்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. இருட்டுங்கறது வெளிச்சம் வராத இடம், அவ்வளவுதான். அதனால ஒருத்தனையும் அவன் கோளாறையும் ஒண்ணாச் சேத்துக் கட்டாதேன்னு இவங்க சொல்றது சரி. இன்னொண்ணு. மனுஷன் செஞ்சு வச்ச பொம்மை இல்ல. உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கறவன். நேத்து இருந்த மாதிரியேதான் இருப்பேன்னு எவனுக்கும் தலையில எழுதல. அதையும் இவங்க சொல்றாங்க. நம்மாளுங்க சில பேரை விட நல்லாவே சொல்றாங்க."

வஜீஹே தலை நிமிர்ந்தாள். இந்த ஒரு வருடத்தில் அவள் கணவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது.

"ஆனா" என்றார் ஜலீல்.

அந்த 'ஆனா'வை அவளுக்கு இருபத்து மூன்று வருடமாகத் தெரியும்.

"உண்மை வெளியில கெடையாது, நாலு பேர் பேசற பேச்சுக்குள்ளதான் உண்டாகுதுன்னு அடித்தளத்துல போட்டிருக்காங்க. அதை என்னால ஒத்துக்க முடியாது. அப்படின்னா அடிச்சவன் கதையையும் அடிபட்டவ கதையையும் ஒரே தட்டுல வைக்கணும். கன்னத்துல வீங்கினது வீங்கினதுதான். யாரும் பாக்காட்டியும், யாரும் சொல்லாட்டியும், நடந்தது ஒண்ணுதான். அது இருக்கற இடத்துல இருக்கு. கதையை மாத்தலாம். நடந்ததை மாத்த முடியாது."

"நான் மாத்தறதில்ல, ஹாஜ் ஆகா." எல்லார் எதிரிலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். "நடந்தது ஒண்ணுதான்னு நானும் ஒத்துக்கறேன். அது யார்கிட்ட இருக்கு?"

"அல்லாஹ்கிட்ட."

"அவன் என்கிட்ட வந்து சொல்றதில்லையே. என்கிட்ட வர்றவங்க அது தெரியாமலே நாளைக்குக் காலையில எழுந்திரிச்சாகணும், அடுப்பு பத்த வச்சாகணும். அதுக்கு நான் என்ன கொடுக்கட்டும்?"

ஜலீல் அவளைப் பார்த்தார். மேசையில் மற்றவர்களும் இருப்பது ஒரு நொடி இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

"தெரியாதுங்கறதைக் கொடு" என்றார் மெதுவாக. "இல்லாததைக் கொடுக்காதே."

சாதெகியான் பேனாவை எடுத்தார். தீர்மானம் அப்போதே எழுதப்பட்டது: உண்மையை மறுக்கும் முறை என்று அறிஞர் கருத்துத் தெரிவித்திருப்பதால், மையம் மறு உத்தரவு வரும்வரை மூடப்படும்.

"அந்தப் பாதியையும் எழுதுங்க. சரின்னு சொன்னேனே, அந்தப் பாதி" என்றார் ஜலீல்.

"அதெல்லாம் விளக்கம், ஹாஜ் ஆகா. முடிவைத்தானே எழுதறோம்." சாதெகியான் காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் காரில்தான் பேச்சு வந்தது.

"நான் பொய் சொல்லல" என்றார் ஜலீல்.

"இல்ல. நீங்க எப்பவும் சொல்றதில்ல."

"அவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு..."

"நாளைக்கு அந்தப் பொண்ணு வருவா. பூட்டைப் பாத்துட்டு எங்க போவா? புருஷன் வீட்டுக்குத்தான் போவா. நடந்தது ஒண்ணுதான்னு அவன் மறுபடியும் அவ கன்னத்துல காட்டுவான்."

வறண்ட ஆற்றோரமாக வண்டி போய்க்கொண்டிருந்தது. வஜீஹேக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வற்றிப் போயிருந்தது. அந்த வறட்சியில்தான் சொன்னாள்.

"காலையில வந்தது தப்பான நம்பர் இல்ல. அந்த லாரிக்காரர்."

வண்டி ஓரமாக நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பார்த்ததை, போலீசிடம் மறைத்ததை, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் காத்திருப்பதை.

"வாங்க, ஜலீல். யாரும் பாக்காட்டியும் நடந்தது ஒண்ணுதான்னீங்களே. பாத்தவர் ஒருத்தர் இருக்காரு. போய்க் கேப்போம்."

ஜலீலின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"நீ போ."

"நீங்க?"

"என்னால முடியாது."

"அவர் விபத்துன்னும் சொல்லலாமில்ல?"

"சொல்லலாம்." நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்தார். "இல்லன்னும் சொல்லலாம். அவன் வேணும்னுதான் போனான்னு எனக்குத் தெரியும், வஜீஹே. தினமும் தெரியும். ஆனா இன்னிக்கு வரைக்கும் அது என் மனசுல இருக்கறது மட்டும்தான். அந்த மனுஷன் வாயைத் தொறந்துட்டா அது நடந்ததாயிடும்."

இதைத்தானே நானும் சொல்கிறேன் என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்துவிட்ட ஒருவரிடம் வாதத்தில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

சாதரை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி நடந்தாள்.

தர்கா முற்றத்தில் ஜியாரத் கூட்டம். எய்வாஸ் தொட்டியின் ஓரத்தில் குந்தியிருந்தான். ஊருக்கு வாங்கிய சோஹான் மிட்டாய் டப்பா ஒன்று மடியில். அவளைக் கண்டதும் எழுந்தவன், ஏனோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், தப்புச் செய்த பிள்ளை போல.

"வந்துட்டேன். சொல்லுங்க" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். "சொல்லிட்டேனே, கானும்."

"என்ன?"

"உங்க பொண்ணு வந்துச்சு. பத்து மணிக்கே தேடிப் புடிச்சிடுச்சு. அதே மூக்கு, அதே புருவம். பாத்ததுமே யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

வஜீஹேக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுத் தொலைபேசிக்கு ரெய்ஹானேயின் அறையிலும் ஓர் இணைப்பு உண்டு.

"சரி. எனக்கும் சொல்லுங்க."

"மாட்டேன்."

"நான் அவனைப் பெத்தவ!"

"தெரியும். அந்தப் பொண்ணு சத்தியம் வாங்கிட்டுப் போச்சு, கானும். உள்ள அடங்கியிருக்கற மஸூமா அம்மையாரைச் சாட்சி வச்சு. வேற ஒரு உசுருக்கும் சொல்லக் கூடாதுன்னு. நான் மொதல்லயே ஒரு பொய் சொன்னவன். அதுக்கே வருஷம் பூரா தூக்கமில்ல. இந்தச் சத்தியத்தையும் முறிச்சா நான் எங்க போய் விழுவேன்?"

அவள் கெஞ்சினாள். சத்தம் போட்டாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அழுதான், ஆனால் அசையவில்லை. கடைசியில் மிட்டாய் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பியவன், இரண்டடி போய்த் திரும்பினான்.

"பொண்ணைத் தனியா விடாதீங்க, அம்மா. அது வயசுக்கு அது தூக்கற சுமை இல்ல."

விபத்து என்றால் அது சுமையா? வஜீஹே தொட்டி ஓரத்தில், அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு வருடமாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த விபத்து அங்கே கரைந்துபோயிற்று. மகன் இரண்டாம் முறை செத்தான். இந்தத் தடவை ஓலமிட்டு அழ ஆளில்லை, கறுப்புத் துணி கட்ட வாசலில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஜலீலின் செருப்பும் ரெய்ஹானேயின் செருப்பும் இருந்தன. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. மகளின் குரல். தகப்பனிடம்.

வஜீஹே கதவருகே நின்றுவிட்டாள்.

ஜலீல் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடியெல்லாம் ஈரம். எதிரே ரெய்ஹானே, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"...நாய் ஒண்ணு குறுக்க ஓடி வந்துச்சாம், பாபா. அதுமேல ஏத்தக் கூடாதுன்னுதான் வண்டிய ஒடிச்சிருக்கான். லாரிக்காரர் பிரேக் போட்டிருக்காரு, நிக்கல. அவர் ஒண்ணும் பாக்கலன்னு எழுதிக் கொடுத்தது பயத்துல."

"நாயா?" என்றார் ஜலீல், குழந்தை போல.

"ஆமா. அப்புறம் பாபா, அவன் வீட்டுக்குத் திரும்பி வந்துக்கிட்டுதான் இருந்தான். உங்க மேல கோவமெல்லாம் இல்ல அவனுக்கு. திரும்பிட்டான்."

ஜலீல் மனைவியைக் கண்டார். "வஜீஹே! கேட்டியா? திரும்பி வந்துக்கிட்டு இருந்தானாம். வீட்டுக்கு." அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்து ஒரு வருடமாகிறது.

"என்ன நாயாம்?" என்று கேட்டாள் வஜீஹே. கேட்க நினைக்கவில்லை. தொழில் கேட்டுவிட்டது.

"கறுப்பு" என்றாள் ரெய்ஹானே உடனே. "ஒரு காது மடிஞ்சிருந்துச்சாம்."

ஆலோசனை அறையில் வஜீஹே எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறாள். உண்மையில் கேட்டதைச் சொல்கிறவர்களுக்கு அங்கங்கே ஓட்டை இருக்கும். தெரியல, அதை அவர் சொல்லல என்பார்கள். இட்டுக்கட்டிய கதையில்தான் நாய்க்குக் காதுவரை இருக்கும்.

அதை விட்டாலும், கொமைலின் வண்டி காஷானைப் பார்த்துத்தான் கிடந்தது. வீட்டை விட்டுப் போகும் திசை. போலீஸ் எடுத்த படத்தில் அது தெளிவாக இருந்தது. அந்தப் படத்தை மேசை விளக்குக்குக் கீழே வைத்து மணிக்கணக்காகப் பார்த்தவர் ஜலீல்தான்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு நினைவிருக்கிறதா, இல்லையா? கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மகள் கையைப் பிடித்து முத்தமிட்டுக்கொண்டிருந்தார். "என்கிட்ட பேசிட்டியே, கண்ணு. பேசிட்டியே."

நினைவிருந்தாலும் அவர் அந்தப் பக்கம் போகப் போவதில்லை என்று வஜீஹேக்குப் புரிந்தது.

சமையலறையில் ரெய்ஹானே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்த பாத்திரங்கள். வஜீஹே குழாயை மூடினாள்.

"அவர் உனக்கு என்ன சொன்னாரு?"

"சொன்னேனே."

"அது பாபாவுக்கு. எனக்குச் சொல்லு."

ரெய்ஹானே திரும்பவில்லை. தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. "உங்களுக்கும் அதேதான்மா. நடந்தது ஒண்ணுதானே?"

"ரெய்ஹான். உனக்கு இருபது வயசு. இதைத் தனியா வச்சுக்கிட்டு நீ..."

"நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க? ஒரே கதையைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, வேற மாதிரியும் சொல்லிப் பாருங்கன்னு. சொல்லிப் பாத்தேன். பாபா சிரிச்சாரு." ஈரக் கையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம்தான் கூடியது. "இனிமே கேக்காதீங்கம்மா. உங்க கால்ல விழறேன். நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

வஜீஹே அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த உடம்பு வளைந்து கொடுக்கவில்லை. கையில் ஒரு கதவைப் பிடித்திருப்பது போல் இருந்தது. எத்தனையோ வீடுகளில் நடுவே வந்து உட்கார்ந்திருப்பது எது என்று பெயர் வைத்துக் காட்டியவள் அவள். இங்கே உட்கார்ந்திருப்பதன் பெயரும் தெரிந்துதான் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் வீடு இடிந்துவிடும்.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. ஜலீல் வாசல்படியில் வந்து நின்றார். தலைப்பாகையை மறுபடி கட்டியிருந்தார். நேராக, இளமையாக.

"நான் பஸ் நிலையம் போறேன். ராத்திரி பஸ்தானே அவருக்கு? புடிச்சிடுவேன்."

"யாரை?" என்றாள் வஜீஹே.

"எய்வாஸை. வெள்ளிக்கிழமை கொமைலோட வருஷ நினைவு. சொந்தக்காரங்க, மதரஸாக்காரங்க எல்லாம் வருவாங்க. ஊருக்குள்ள என்னென்னவோ பேசறாங்க, எனக்குத் தெரியாதா? அவரைக் கையோட கூட்டிட்டு வந்து நம்ம வீட்டுலயே தங்க வைக்கறேன். பாத்தவர் அவர்தானே. பள்ளிவாசல்ல எல்லார் முன்னாடியும் அவர் வாயாலயே சொல்லட்டும்."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

ரெய்ஹானே அம்மாவின் கையைப் பற்றினாள், நகம் பதியும்படி. "நிறுத்துங்கம்மா. பாபாவை நிறுத்துங்க."

நாய் இல்லை என்று சொல்லாமல் என்ன சொல்லி நிறுத்துவது? வஜீஹே வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் காரின் சிவப்பு விளக்குகள் திரும்பிக்கொண்டிருந்தன.